நலன் உடையோர் வெளியேறுக

ஊர்க்கூடத்து ஹீட்டர் ஒரு பவுண்டு தின்று
நாற்பது நிமிடம் சூடு தரும்.
ஒரு நாணயம் பாதிரியார் பெர்டிட்டாவுடையது,
மற்றது என்னுடையது. எந்தக் கணக்கிலும் வராது.

1684-இல் தாமசின் ஸ்க்ரிம்ஷா என்ற விதவை
லிங்கன்ஷயர் சதுப்பில் பதினோரு ஏக்கர் எழுதிவைத்தாள்,
இந்த ஊர் ஏழைகளுக்குக் குளிர்காலக் கரி வாங்க.
இப்போது யாரும் கரி கேட்பதில்லை.
ஃபிரிட்ஜ் கேட்கிறார்கள், பள்ளிக்குப் போக ஷூ கேட்கிறார்கள்,
ஒருவர் பொய்ப்பல் கேட்டார், கொடுத்தோம்.

நிலம் முதல். முதலைத் தொடக் கூடாது.
குத்தகையை மட்டும் கொடுக்கலாம்.
பொருளாளர் லீக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வாசித்தார்:
வரவு தொள்ளாயிரத்துத் தொண்ணூறு.
காப்பீடு இருநூற்றுப் பன்னிரண்டு.
கணக்கைச் சரிபார்த்தவருக்கு நூற்றெண்பது.
எழுத்தருக்கு, அதாவது எனக்கு, எழுபத்தைந்து.
மிச்சம் ஐந்நூற்று இருபத்து மூன்று
எங்கள் எல்லோரிடமும் கைகுலுக்கிவிட்டு
ஏழைகளைத் தேடிப் போகிறது.

விண்ணப்பங்களில் பெயரைக் கறுப்பு மையால் அடிப்பது என் வேலை.
ஏழாம் எண்: துணி துவைக்கும் இயந்திரம்.
இரண்டு குழந்தைகள், சின்னவள் இரவில் படுக்கை நனைப்பாள்.
வேலை போய்ப் பதினான்கு மாதம்.
உறவினர் உதவி உண்டா என்ற கட்டத்தில்,
‘அம்மா இதே ஊரில். பேச்சு இல்லை.’
அந்த வரியை நான் அடிக்கவில்லை.
அது பெயர் இல்லையே.

வினிஃப்ரெட் டவ்ஸ் இரண்டு முறை படித்தார்.
தாளை மேசை விளிம்புக்கு நேராக வைத்தார்.
“ஏழில் எனக்கு நலன் உண்டு” என்றார்.

விதி பத்து: நலன் உடையவர் வெளியேற வேண்டும்.
அக்கறை உள்ளவர் கதவுக்கு அப்பால்;
இல்லாதவர்கள் உட்கார்ந்து முடிவெடுக்கலாம்.

அவர் போனதும் தலைகளை எண்ணினேன்.
தலைவர் ஜெர்வேஸ் பிஞ்ச்பெக், லீக், பாதிரியார்.
மூன்று.
நால்வர் இருந்தால்தான் கூட்டம்.
ஐந்தாமவர் ஆப்ரி இடுப்பெலும்பு மாற்றி
மருத்துவமனையில் கிடக்கிறார்.
“அப்படியானால் மார்ச்சில்” என்றார் தலைவர்.
எழுதினேன்: விண்ணப்பம் ஏழு, ஒத்திவைப்பு.
மார்ச் வரை எத்தனை போர்வை என்று
பாதிரியார் விரல்விட்டு எண்ணுவதைப் பார்த்தேன்,
அல்லது ஜெபித்தாரோ.

கதவுக் கண்ணாடியில் வினிஃப்ரெட்டின் முதுகு.
கோட்டு மாட்டும் கொக்கிகளின் கீழே நின்று
யாரோ விட்டுப்போன குழந்தைக் கையுறையை
உள்ளும் புறமுமாகத் திருப்பிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தவர் முடிவைக் கேட்கவில்லை.
கேட்கக் கூடாது, அது விதி பதினொன்று.
‘பிற’ என்ற இடம் வந்தபோது மட்டும்,
“நம் பதினோரு ஏக்கரை உழுவது யார், ஜெர்வேஸ்?”

எல்லோருக்கும் தெரியும். தலைவரின் மைத்துனர்.
பக்கத்து வயல் ஏக்கர் இருநூற்று நாற்பதுக்குப் போகிறது,
எங்களுடையது தொண்ணூறுக்கு.
கடைசியாகக் குத்தகை உயர்ந்த வருஷம்
என் தலையில் ஒரு நரை கிடையாது.

லீக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.
ஹீட்டர் டிக்கென்று அணைந்தது.
“எனக்கும் நலன் உண்டு போலிருக்கிறது” என்று
தலைவர் எழுந்தார். முதல் தடவை.
மறுபடி எண்ணினேன். மறுபடி மூன்று.
எழுதினேன்: குத்தகை, ஒத்திவைப்பு.

ஆக, ஒரு விதவையின் முந்நூறு வருஷத்துக்கு மேலான அறம்
ஆப்ரியின் இடுப்பை நம்பி நிற்கிறது.
தேறிவருகிறாராம். மாடிப்படி ஏறிப் பார்த்தாராம்.

வியாழக்கிழமை, தபால் நிலையத்துக்கு வெளியே,
வினிஃப்ரெட்டின் கார்ப் பின்னிருக்கையில்
ஈரம் சொட்டும் போர்வை மூட்டை ஒன்று,
வாத்துப் படம் போட்டது.
அவர் என்னைப் பார்த்தார், நான் வானத்தைப் பார்த்தேன்.
கூட்டக் குறிப்பில் இது சேராது.